பயப்படாத விரால்

மதுரைச் சீமையின் நீர்நிலைகளைக் காப்பதற்கென்றே காலம் தன் மடியிலிருந்து இறக்கிவிட்ட மனிதர் பாண்டியராஜன். பரவையில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார்.

கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவில் வேறு யாராவது இருந்தார்களா என்பது லெட்டர்பேடில் போடப்படவில்லை. வாயைத் திறந்தால் வலது கை தானாக மேலே போய்விடும். இருமல் மருந்து எத்தனை மில்லி என்று சொல்லும்போதுகூட அப்படித்தான்.

ஆரப்பாளையத்திலிருந்து பரவை வரைக்கும் பதினோரு மெடிக்கல் ஷாப்களில், கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளாத காலாவதி மாத்திரைகளை மூட்டையாக வாங்கிவந்து அவரே முறைப்படி அப்புறப்படுத்துவார். முறை என்னவென்றால், சீரியல் ஓடும் நேரத்தில் அவரும் மனைவி தமிழ்ச்செல்வியும் எதிரெதிரே உட்கார்ந்து, அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி வாளியில் போடுவார்கள். அட்டை பழைய பேப்பர்காரருக்குப் போகும். வாளி கண்மாய் வாய்க்காலுக்குப் போகும். கரைகிற பொருள்தானே, அதுவும் மருந்து.

"ஒரு துண்டு பிளாஸ்டிக் என் கையால தண்ணிக்குள்ள போயிருக்கா?" என்று மேடையில் கேட்பார். நாலு வருஷமாக ஒரு துண்டுகூடப் போகவில்லை. தேய்ந்த கட்டைவிரல் நகத்தையும் காட்டுவார்.

அதற்குப் பலனாக இந்த வருஷம் ஊர் அவருக்கு வெள்ளைத் துண்டைக் கொடுத்திருந்தது. கோடையில் கண்மாய் வற்றி இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும். கரையில் நிற்பவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருத்தர் கால்கூட நனையக் கூடாது. வீசிவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் நிற்காது. பிடித்ததை விற்கக் கூடாது, அன்றைக்கே குழம்பு வைத்துவிட வேண்டும். பாண்டியராஜன் துண்டை மூன்று தடவை இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆர்த்திகா கடைக்கு வந்தாள். ஒன்றுவிட்ட அக்கா மகள். மீன்வளக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள், ஒரு மாதமாக இந்தக் கண்மாயைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, விரால் நம்ம நிழல் பட்டாலே ஓடணும். இங்க கைய விட்டா வந்து முட்டுது. கொக்கு பக்கத்துல நின்னாலும் அசைய மாட்டேங்குது."

"நம்ம ஊரு மீனு தாயி. தைரியம் இருக்கத்தான் செய்யும்."

"ஆண் கெண்டைய அறுத்துப் பாத்தேன், உள்ள முட்டை இருக்கு. அதுவும் தைரியமா? ரெண்டு வருஷமா குஞ்சையே காணோம். ஏதோ மருந்து கலக்குது மாமா. உலகத்துல உள்ள அம்புட்டு மருந்தையும் லேப்ல தேட முடியாது. பேரு தெரிஞ்சா மீனுல எம்புட்டு ஏறியிருக்கு, திங்கலாமா கூடாதான்னு பாத்துச் சொல்லிரலாம். அதுவரைக்கும் ஊரு திங்கக் கூடாது. மருந்துக்கார மனுசன், நீங்க சொல்லுங்க, என்னவா இருக்கும்?"

பதட்டத்துக்குக் கொடுக்கிற மாத்திரை. கருத்தடை மாத்திரை. இரண்டும்தான் மூட்டைகளில் அதிகம் வரும். அவருக்கு அட்டையின் நிறம்கூடக் கண்ணில் நின்றது.

"ஆஸ்பத்திரிக் கழிவா இருக்கும்," என்றார். "கடுமையா ஒரு மனு போட்டுருவோம்."

அவள் போனதும் நாகஜோதி சத்து மாத்திரைக்கு வந்தாள். அஞ்சு மாசம். "ஞாயித்துக்கெழம நல்லா வீசுங்கண்ணே. கண்மாய் விராலுக்கு நாக்கு ஏங்கிப்போய்க் கெடக்கு." அவர் மீதிச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்தார்.

ஆர்த்திகா கேட்டதை ராத்திரி மனைவியிடம் சொன்னார். இரண்டு நாளாக வாளி காலியாகக் கிடந்தது.

"சொல்லிருங்க," என்றாள் தமிழ்ச்செல்வி. "துண்டு போனாப் போகுது."

"நீயுந்தான் பிதுக்குன."

"அதான் சொல்றேன். எனக்கும் சேத்துச் சொல்லிருங்க."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே கரை நிறைந்துவிட்டது. ஊத்தாக் கூடையும் வலையுமாக ஆயிரம் பேர் தண்ணீரைப் பார்த்து நின்றார்கள். முன்வரிசையில் நாகஜோதி புருஷன். பாண்டியராஜன் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்து வந்திருந்தார். மைக்கை இடது கையில் வாங்கினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. மீனுக்கு முன்னாடி ஒரு உண்மைய..."

வலது கை மேலே போனது. துண்டு அந்தக் கையில் இருந்தது.

கரை சரிந்து விழுந்த மாதிரி ஆயிரம் பேரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். "நில்லுங்க, நில்லுங்கப்பா" என்று அவர் கத்தியதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்கள். மீன்கள் ஓடவில்லை. கால்களுக்கு நடுவே வந்து வந்து நின்றன.

"பாண்டியண்ணே, உங்க கை ராசிய என்னன்னு சொல்ல," என்று ஊர்ப் பெரியவர் கண்ணுச்சாமி தண்ணீரிலிருந்து ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார். "ஊத்தாவே தேவையில்ல, அதுவா வந்து மடியில ஏறுது." மூன்று கிலோ இருக்கும். துள்ளவே இல்லை. பாண்டியராஜனைப் பார்த்தபடி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஆர்த்திகா கரையேறி வந்தாள். அவள் கேட்கவில்லை. இரண்டு பெயரையும் அவரே முணுமுணுத்தார், வாளியையும் வாய்க்காலையும் சொன்னார். அவள் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

"இத மைக்ல சொல்லுங்க மாமா. இன்னும் யாரு வீட்டுலயும் அடுப்பு பத்தவைக்கல."

மைக் அவர் கையில்தான் இருந்தது. கண்ணுச்சாமி தண்ணீர் சொட்டச் சொட்ட, கரையில் வைத்திருந்த மாலையோடு மேலே வந்துகொண்டிருந்தார். பாண்டியராஜன் மைக்கைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கழுத்தை நீட்டினார்.

ஆர்த்திகா மைக்கைப் பிடுங்கித் தானே பேசினாள். படிக்கிற பிள்ளை விழிப்புணர்வுக்கு நாலு வார்த்தை பேசுகிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நாகஜோதி புருஷன் கையில் மீன் இருந்ததால் தட்டவில்லை. ஈரத்தோடு வீட்டைப் பார்த்து நடந்தான். ஆர்த்திகா அவன் பின்னாலேயே ஓடினாள்.

தலைவருக்கென்று முதல் விரால் வீட்டுக்கு வந்தது. தமிழ்ச்செல்வி அதைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அன்று மதியம் ஊரெல்லாம் மீன் குழம்பு. பாண்டியராஜன் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார்.