மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவே

அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அப்புறம் டீ, அதற்கப்புறம் தண்டனை. வீட்டுக்காரர் சிடியைப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தால் வந்தவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். நண்பர்கள் வைத்த பெயர் ‘லைவ்’. ஸ்டூடியோவில் பதிவான பாட்டை அவர் பாட்டென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

“இருமினா அழிச்சிடுறான், சுருதி விலகினா ஒட்டுப் போடுறான். ஒரு வரியைப் பத்துத் தடவை பாட வச்சு நல்லா வந்த துண்டை மட்டும் எடுத்துக்குறான். மேடையில அந்த ஜம்பம் பலிக்குமா? பிசகினா பிசகினதுதான். அதுதான்யா உண்மை.”

எதிர்க்கட்சி எப்போதும் ஒருவர்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் பல் டாக்டர். “அப்போ சொத்தைப் பல்லுதான் உண்மை, நான் அடைச்சு விடுறதெல்லாம் பொய்யாடா?” என்பார். இருவரும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த அதே சண்டையைப் புதிதுபோலப் போடுவார்கள். முடிவில் எப்போதும் ஒரே கச்சேரி ஆல்பம்தான் ஓடும்.

லைவ் கொண்டாடும் ஒரு பாடகர் உச்சத்தில் இருந்தபோது நகர மண்டபத்தில் பாடியது அது. லைவ் தன் மனைவியோடு முன்வரிசையில் இருந்தார். மூன்றாவது பாட்டு முடியும். கைதட்டல் அடங்கும். வீட்டுக்காரரின் ஆள்காட்டி விரல் மேலே எழும். “இப்போ கேளு.” ஒரு பெண் கலகலவென்று சிரிப்பாள். உடனே நான்காவது பாட்டு தொடங்கிவிடும்.

“யாரு தெரியுதா? இவதான்! எங்க தலைக்கு நேர் மேல மைக் தொங்கிச்சு.”

எல்லோரும் திரும்பி அவர் மனைவியைப் பார்ப்பார்கள். முதல் தடவை அவர் இதைச் சொன்னபோது ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று டீத்தட்டோடு புன்னகைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் புன்னகையே சாட்சிக் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த முறை வந்தவர்கள் சிரித்துக் காட்டச் சொன்னார்கள், ஒப்பிட்டுப் பார்க்கவாம். சிரித்தாள். “அச்சு அசல் அதே சிரிப்பு!” என்று கைதட்டினார்கள். அந்தக் காதுகளை வைத்துக்கொண்டுதான் இவர்கள் சுருதி பேதம் பேசுகிறார்கள்!

அது அவள் சிரிப்பில்லை. அந்த நேரத்தில் அவள் மண்டபத்தின் பின்கதவுக்கு நடந்துகொண்டிருந்தாள், தோளில் அனலாய்க் கொதிக்கும் கைக்குழந்தையோடு. மீதிக் கச்சேரியைக் கழிப்பறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில், சாத்திய கதவு வழியாகக் கேட்டாள். கைப்பையும் வீட்டுச் சாவியும் அவரிடமே இருந்தன. அவர் கடைசிப் பாட்டு முடிந்து, அதற்கு மேல் ரசிகர்கள் கேட்டு வாங்கிய பாட்டும் முடிந்துதான் வந்தார். “தூங்கினா சரியாயிடும்” என்றார். விடியற்காலையில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. உயிர் பிழைத்தது. இடது காது போய்விட்டது. முந்தைய ராத்திரியே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்னவோ என்று ஆஸ்பத்திரி டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் ஓடிய கதை வேறு. குழந்தை கச்சேரி முழுக்கச் சமர்த்தாகத் தூங்கியது, ராத்திரி காய்ச்சல் வந்ததை அம்மா கவனிக்கவில்லை, அசந்து தூங்கிவிட்டாள். இதை அவர் கோபமாகக் கூடச் சொல்வதில்லை. “பாவம், அவளும் மனுஷிதானே” என்று பெரிய மனதோடு மன்னிப்பார். அந்த மகள் வளர்ந்து பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் அவள் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்த்தாள். மகள் நேராக அப்பாவிடம் போய்க் கேட்டாள். அவர் பெருமூச்சு விட்டார். “உங்கம்மாவுக்கு மனசு ஆறலடா. யார் மேலயாவது போடணும்ல.” அதோடு அவள் வாய் அடைத்துப்போனது.

இப்போது மகளுக்கு ஏழாம் மாதம். போன வாரம் வந்தவள், பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாள்.

“நான் இருக்கேனேம்மா. லீவு கூடக் கேட்டுட்டேன்.”

“வேண்டாம்மா. ஊரார் ரத்தத்தையெல்லாம் லேப்ல எடுத்து என்ன காய்ச்சல்னு சொல்ற. மடியில கிடந்தது கொதிச்சது உனக்குத் தெரியல. என்னால பயந்துகிட்டே இருக்க முடியாது.”

குரலில் வன்மம் இல்லை. அதுதான் அவளை அதிகமாக அறுத்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கச்சேரியின் வெள்ளிவிழாப் பதிப்பு வந்தது. ‘வெட்டாத முழுக் கச்சேரி’ என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். லைவுக்குத் தலைகால் புரியவில்லை. மேலுறையைக்கூடப் பிரிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தார். லைவ் என்றால் சபையோடு கேட்க வேண்டுமாம். பல் டாக்டர் வந்தார். மகள் வந்து வழக்கம்போல் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள், மற்றவர்கள் தன் வலது காதுப் பக்கம் இருக்கும்படி.

“ஒரு இடத்துலயும் கத்தி படலடா. இன்னிக்கு நீ வாயைத் திறக்க மாட்ட பாரு” என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டே அவர் சிடியைப் போட்டார்.

முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. பழைய ஆல்பத்தில் இல்லாத பேச்சுகள், தொண்டைச் செருமல்கள், நாற்காலி இழுபடும் சத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் தொடையைத் தட்டினார். அவள் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது. அவர் விரல் எழுந்தது.

சிரிப்பு வரவில்லை. ஒரு குழந்தை அழுதது. அழுது அழுது ஓய்ந்துபோன, ஈனமான குரல். மைக்குக்கு மிக அருகில் ஒரு பெண் பேசினாள்.

“என்னங்க, உடம்பு அனலா கொதிக்குதுங்க. போயிடலாம் வாங்க.”

“சும்மா இரு. மானத்த வாங்காத. வெளிய தூக்கிட்டுப் போ.”

மேடையிலிருந்து பாடகரின் குரல்: “குழந்தைக்கு முடியலையாம்மா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பாட்டு எங்க ஓடிப்போயிடப் போகுது?”

ஆண் குரல், இப்போது ஓங்கி: “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, நீங்க பாடுங்க!”

மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரிப்பலை அடங்கிய பிறகும் ஒரு பெண் மட்டும் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான்காவது பாட்டு ஆரம்பித்தது.

டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அவள் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத சந்தோஷம். இத்தனை வருஷமும் அவள் பக்கம் பேச ஒரு ஆள் இல்லை. இப்போது அவளே, சின்ன வயசுக் குரலில், வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

பல் டாக்டர் டீ வராத தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். லைவ்தான் ரிமோட்டை எடுத்துப் பாட்டை நிறுத்தினார்.

“மிக்ஸிங் சரியில்ல” என்றார். “இதையெல்லாம் எடுத்திருக்கணும். எதை வெட்டணும் எதை வைக்கணும்னு இப்ப இருக்குறவனுக்குத் தெரியல. பழசு மாதிரி வராது.”

மகள் எழுந்து அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். மறுபடி போட்டாள். ஸ்பீக்கருக்கு அருகே போய், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக் குனிந்து, வலது காதைக் கொடுத்துக் கேட்டாள். தன் அழுகையை முழுவதும் கேட்டாள். பல் டாக்டர் சத்தமில்லாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“அந்தச் சிரிப்பு நீ இல்லையாம்மா?”

“இல்லம்மா. நான் அப்போ உன்னைத் தூக்கிக்கிட்டுக் கதவுகிட்ட போயிட்டேன்.”

மகள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். ஏன் அதற்கப்புறம் திரும்பச் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் வருஷக்கணக்காக நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“அப்புறம் ஏம்மா சிரிச்ச?”

“என்னது?”

“வந்தவங்க சொல்லச் சொல்ல ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக் காட்டினியே. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என் காதைப் பறிச்ச ராத்திரி அது. எப்படிம்மா சிரிப்பு வந்துச்சு?”

விருந்தாளி முன்னால் எதற்கு ரசாபாசம் என்று நினைத்தது, அவர் முகம் சுண்டிவிடுமே என்று பயந்தது, பிறகு பழகிப்போனது, இதில் எதை இவளிடம் சொல்வது? எல்லாமே சில்லறைக் காரணங்களாகத் தெரிந்தன.

மகள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். “நர்ஸம்மாவே வரட்டும்மா. நாளைக்கு என் பிள்ளைக்கு ஒண்ணுன்னாலும், யாராவது சொன்னா நீ சிரிச்சுக் காட்டுவ.”

படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறையும் வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது, முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும். முன்னால் போய் நிற்க முகமில்லை.

லைவ் புதிய சிடியை எடுத்து உறையில் போட்டார். மனசு சரியில்லையாம், பழைய ஆல்பத்தைப் போட்டார். நல்ல மனசு. மூன்றாவது பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது. கேட்பதற்கு யாரும் இல்லாத அறையில், பழக்கதோஷம், அவர் விரல் மேலே எழுந்தது. பெயர் தெரியாத அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள்.

“அவ யாருன்னு தேடிப் பிடிங்க” என்றாள் மனைவி. “கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. எனக்கு இனிமே சிரிப்பு வராது.”

அவர் விரலை இறக்கிக்கொண்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.