வடக்குச் சன்னல்

“மம்மா, என் மேல புகை போட்ட பன்னிக்கறி வாசனையா வருது?”

ஆறு வயது இவெத் இதைக் கேட்டது டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. பள்ளியிலிருந்து வந்தவள் ஒரு காலணியைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்ற மறந்து, வாசல் மிதியடியில் நின்றுகொண்டிருந்தாள். அழுகை இல்லை. வகுப்பில் யாரோ சொன்னது நிஜந்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டெல்ஃபீன் குனிந்து மகளின் தலையில் மூக்கை வைத்தாள். முந்தின நாள்தான் ஆப்பிள் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய தலை. ஆப்பிளுக்கு அடியில் புகை இருந்தது.

“இல்லடி செல்லம். பனியில நனைஞ்ச கம்பளி அப்படித்தான் மணக்கும்.”

சின்னப் பொய்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அக்கரை கனடா என்கிற அந்தப் பள்ளத்தாக்கில், அநேகமாக எல்லார் வீட்டு நிலவறையிலும் ஒரு விறகு பாய்லர் இருக்கும். அது சுடவைக்கிற தண்ணீர்தான் குழாய் வழியே வீடெல்லாம் சுற்றி வந்து ஆட்களை உயிரோடு வைத்திருக்கும். டெல்ஃபீன் வீட்டுப் பாய்லர் கணவன் ரொசேரின் பொறுப்பு. காட்டில் மரம் வெட்டுகிறவன். அக்டோபரில் ஒரு பிர்ச் மரம் தப்பான பக்கம் சாய்ந்து அவன் இடுப்பெலும்பை முறித்துவிட்டது. நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு மருத்துவமனையில், காலை அசைக்க முடியாமல் கிடந்தான்.

குளிர்காலத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போர்வை போர்த்த வேண்டும். அஸ்திவாரச் சுவரைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை அடித்து, அதன்மேல் ஃபர் என்கிற ஊசியிலை மரத்தின் கிளைகளை இடுப்பளவுக்கு அடுக்குவதற்கு அந்த ஊரில் அப்படித்தான் பேர். இந்த வருஷம் அதைச் செய்ய ஆள் இல்லையே என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, நவம்பரில் ஒரு சனிக்கிழமை, தேவாலயத்து ஆட்கள் எட்டுப் பேர் தாங்களாகவே வந்து இறங்கினார்கள். கோழிக் குழம்பும் ஒரு கூடை நிறைய ப்லோயும் கொண்டுவந்தார்கள். ப்லோய் ஒருபக்கம் மட்டும் சுட்ட மெல்லிய மாவு ரொட்டி. இருட்டுவதற்குள், காற்று நுழைய ஊசிமுனை இடம் விடாமல் வீட்டைப் போர்த்திவிட்டார்கள். அன்றைக்கு டெல்ஃபீன் அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள். கடவுள் தன்னை மறக்கவில்லை என்று நினைத்தாள்.

குளிர் இறுகின மூன்றாம் வாரம் புகை வாடை வர ஆரம்பித்தது.

முதலில் திரைச்சீலைகளில். பிறகு தலையணைகளில். பிறகு ரொட்டியில்கூட. டெல்ஃபீன் அறைக்கு ஒரு கிண்ணத்தில் வினிகர் வைத்தாள். சமையல் சோடாவைத் தரைவிரிப்பில் தூவிக் கூட்டினாள். திரைச்சீலைகளை இரண்டு முறை துவைத்தாள். நிலவறைக் கதவின் இடுக்குகளில் பட்டையான டேப் ஒட்டினாள். கடைசியில், வாடையை வெளியே இழுக்கட்டும் என்று அடுப்புக்கு மேலிருந்த மின்விசிறியைப் போட்டு அப்படியே விட்டுவிட்டாள். ஆச்சரியம் என்னவென்றால், விசிறி ஓட ஓட வாடை கூடினதே தவிரக் குறையவில்லை. பாய்லர் கதவைத் திறந்தால், மேலே போக வேண்டிய புகை மூச்சுவிடுவதுபோல அவள் முகத்தில் வந்து விழுந்தது.

அவளுக்குப் பயம் புகைபோக்கியைப் பற்றித்தான். பத்து வயதில், மாமா வீட்டுப் புகைபோக்கி உள்ளுக்குள்ளே தீப்பிடித்து ரயில் போகிற மாதிரி உறுமினதை அவள் கேட்டிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் வீடே இல்லாமல் போயிற்று. அதனால் பகலில் பத்து முறையாவது புகைபோக்கிச் சுவரில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. இல்லை என்றதும் இன்னும் பயமாக இருந்தது. அப்படியானால் இந்தப் புகை எங்கிருந்து வருகிறது?

யாரையாவது கேட்டிருக்கலாம். ரொசேரிடம் தொலைபேசியில் சொன்னால் முறிந்த இடுப்போடு கட்டிலை விட்டு இறங்கிவிடுவான். ஊர்க்காரர்களோ ஒரு நாள் முழுக்கக் குளிரில் நின்று உழைத்துவிட்டுப் போனவர்கள். வீடு நாறுகிறது என்று அவர்களிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஜெபமாலையை எடுத்து முழங்காலில் நின்றாள். மாதாவிடம் மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது தலைக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது. விறகு போடப் படியிறங்கினாள். கால்கள் இரவல் வாங்கின கால்கள்போல நடந்தன. ஏறி வந்தபோது இவெத் கட்டிலில் வாந்தி எடுத்திருந்தாள்.

“தலை வலிக்குது மம்மா.”

“பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் வாந்தியும் காய்ச்சலுமாம். இன்னைக்கு வீட்ல இரு.”

குழந்தையைத் துடைத்து, தூக்கி வந்து, அடுப்படி சோபாவில் படுக்கவைத்தாள். பூனை நிலவறைக் கதவருகே நீட்டிப் படுத்திருந்தது. பால் கிண்ணத்தைத் தட்டியும் எழுந்து வரவில்லை. வாடையில் தொண்டை கமறியது. விசிறியை இன்னும் கூட்டி வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியே பள்ளிப் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. இன்றைக்கு இவெத் வரவில்லை என்று போய்ச் சொல்ல வேண்டும். எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடம்பு கேட்கவில்லை. சோபாவில் இவெத்தின் கை தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளைப் பார்த்தாள். அவை அசையவில்லை. பயம் அவள் நெஞ்சுக்குள் எழுந்து நின்றது, ஆனால் கால்வரைக்கும் அதனால் வர முடியவில்லை.

“அருள் நிறைந்த மரியே...” என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் வரவில்லை. பேசத் தெரிந்த நாள் முதலாய்ச் சொல்லிவந்த ஜெபம். அடுத்தது என்ன என்று தேடினாள். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை.

ஒலிப்பான் மறுபடி அடித்தது. பிறகு நின்றுவிட்டது.

பேருந்து ஓட்டுகிற கிளெமான்ஸ் எதிர்வீட்டுக்காரி. ஐம்பத்தைந்து வயது, தனி ஆள், வாய் நீளம். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அந்தத் தடத்தில் முதலில் ஏறுகிற பிள்ளை இவெத். வண்டியில் வேறு யாரும் இல்லை.

“என்ன, இவெத் ராணிக்குப் பல்லக்கு அனுப்பணுமா? ரெண்டு தடவ அடிச்சாச்சு, காதுல என்ன...” என்று கதவைத் திறந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஒருமுறை மூச்சை இழுத்தாள். பூனையைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் குரல் வேறாக இருந்தது.

“மூச்ச அடக்கு டெல்ஃபீன். பேசாத.”

குழந்தையைப் போர்வையோடு வாரிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தாள். டெல்ஃபீனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, குதிகால் தரையில் தேய, பனியில் கொண்டுவந்து போட்டாள். மூன்றாம் முறை முகத்தைக் கழுத்துத்துணியால் பொத்திக்கொண்டு உள்ளே போய், விசிறியை நிறுத்தி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, பூனையின் பிடரியைப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

பேருந்தின் படிக்கட்டில், கிளெமான்ஸின் மடியில், இவெத் கண் திறக்காமல் கிடந்தாள். கிளெமான்ஸ் ஒரு கையால் வண்டி ரேடியோவின் ஒலிவாங்கியைப் பிடித்து ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டே, மறு கையால் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். டெல்ஃபீன் பனியில் தவழ்ந்து வந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். காலுறை போடாத பாதம். அதைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் இருந்தாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

“குளிருது,” என்றாள் இவெத்.

கிளெமான்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “குளிரும்டி, குளிராம என்ன? காலுறை இல்லாம பஸ்ல ஏறுனா குளிரத்தான் செய்யும்,” என்றாள்.

அன்று மாலை நகரத்து மருத்துவமனையில் இவெத் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு ஜெல்லி தின்றுகொண்டிருந்தாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த மருத்துவர், தாயின் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லவில்லை.

கிளெமான்ஸ் வந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உட்காராமல் நின்றாள்.

“தீயணைப்பு ஆளுங்க கருவி வெச்சுப் பாத்தாங்க. புகைபோக்கி சுத்தமா இருக்காம். நிலவறையில காத்தே இல்லையாம். தீக்குக் காத்து வேணும். வெளியேருந்து வரலைன்னா எங்கேருந்து இழுக்கும்? நீ வேற மேல விசிறியப் போட்டுருக்க. அது வீட்டுக் காத்தையெல்லாம் உறிஞ்சிருக்கு. புகைபோக்கி வழியா மேல போக வேண்டியது தலைகீழா வீட்டுக்குள்ள இறங்கியிருக்கு. வாடை மட்டும்தான் உனக்குத் தெரிஞ்சுது. வாடையே இல்லாத விஷமும் கூடவே வந்திருக்கு.”

“ரொசேர் இருக்கறப்போ இப்படி ஒரு நாளும் வந்ததில்லையே.”

“வடக்குப் பக்கம் நிலவறைக்கு ஒரு சின்னச் சன்னல் இருக்குல்ல. ரொசேர் அதுல ஒரு விறகுத் துண்ட முட்டுக்குடுத்து, ஒரு கை அளவு திறந்தே வெச்சிருந்திருக்கான். அந்தத் துண்டு கீழ விழுந்து கிடந்துது.” கிளெமான்ஸ் தொப்பியைத் திருகினாள். “சன்னல் இடுக்குல சிவப்புக் கம்பளி ஒண்ணு அடைச்சிருந்துது. நான் பின்னுன கம்பளி. போர்வை போத்த வந்த அன்னிக்கு, அந்தப் பக்கம் நான்தான் செஞ்சேன். இவ்வளவு பெரிய ஓட்டைய இந்த மனுஷன் கவனிக்காம விட்டுட்டானே, பச்சக் குழந்தை இருக்குற வீடாச்சேன்னு, கழுத்துல கிடந்தத அவுத்து அடைச்சு, மேல ரெண்டு மடிப்புப் பிளாஸ்டிக் வெச்சு ஆணி அடிச்சேன்.”

அந்தச் சனிக்கிழமை கிளெமான்ஸ் கழுத்தில் ஒன்றும் சுற்றாமல், மூக்கு சிவக்க, குழம்புக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தது டெல்ஃபீனுக்கு ஞாபகம் வந்தது. ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

“ரொசேர்கிட்ட நீயே சொல்லிடு. எனக்கு அந்தத் தைரியம் இல்ல,” என்றாள் கிளெமான்ஸ்.

“என்னன்னு சொல்ல? வண்டிய விட்டு இறங்கக் கூடாதுன்னு உங்களுக்குச் சட்டம் இருக்கு. நீங்க இறங்குனீங்க. அதச் சொல்றேன்.”

“விளையாடாத.”

“விளையாடல. விசிறியப் போட்டது நான். வாடை வருதுன்னு யார்கிட்டயும் வாயத் திறக்காம இருந்ததும் நான். உக்காருங்க. அந்தத் தொப்பி பாவம், விட்டுடுங்க.”

கிளெமான்ஸ் உட்கார்ந்தாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவரும் குழந்தை மூச்சுவிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பாகச் செய்தது ஒரு சாணில் தவறிப்போகலாம் என்று டெல்ஃபீனுக்குப் புரிந்தது. தவறினதைத் தேடி வந்ததும் அந்த அன்புதான் என்பதும் புரிந்தது. விட்டுப்போன சொல்லிலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள். இப்போது அது வந்தது.

ஜனவரியில் பெரிய பனிப்புயல் வந்தது. இரண்டு நாள் வடக்கிலிருந்து ஒரே காற்று. மூன்றாம் நாள் காலை சாலையைத் திறந்துவிட்டார்கள், பேருந்து வந்தது. ஏறுவதற்கு முன்னால் இவெத் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

“ஒண்ணும் வரல,” என்றாள்.

“எனக்கு டீசல் வாடை வருது. ஏறு,” என்றாள் கிளெமான்ஸ்.

டெல்ஃபீன் வழக்கம்போல வடக்குச் சன்னலைப் போய்ப் பார்த்தாள். விறகுத் துண்டு அதனிடத்தில் நின்றது. நிமிர்ந்தபோதுதான் எதிர்வீடு கண்ணில் பட்டது. கிளெமான்ஸ் இருட்டோடு ஐந்து மணிக்கே கிளம்பியிருந்தாள். அவள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை மேலே ஏறாமல் கூரையில் சோம்பிச் சரிந்துகொண்டிருந்தது. வடக்குச் சுவரில் பனி மனித உயரத்துக்கு ஏறியிருந்தது. நிலவறைக்குக் காற்றுப் போகிற வாய் அதற்குள் எங்கேயோ இருந்தது.

ஒரு கணம் பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது. கால்கள் அவளுடையவைதானா என்று பார்க்கிறவள்போல ஓர் அடி வைத்தாள். வைக்க முடிந்தது. மண்வாரியை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

முக்கால் மணி நேரம் தோண்டினாள். கையுறைக்குள் கொப்புளம் உடைந்தது. கடைசியில் கம்பி வலை தெரிந்ததும் மண்வாரியைப் போட்டுவிட்டு, விரல்களால் பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்தாள். முழங்காலிட்டுக் கன்னத்தை அதனருகே வைத்தாள். காற்று அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போனது.

எழுந்து பார்த்தாள். புகை நேராக ஏற ஆரம்பித்திருந்தது.

தோண்டின பனியைக் காற்று குவித்ததுபோலத் தெரிய ஓரமாகத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் தன் வாசல்படி ஏறுவதற்குள் சாலைக்கு அந்தப் பக்கத்துக் காலடிகளைக் காற்று மூடிவிட்டது.