குழலுக்குப் பிடித்த ஈயம்

ஐந்தாவது குண்டையும் சுட்டு முடித்துவிட்டு நகுலேஸ்வரன் துப்பாக்கியை மணல் பைகளின் மேல் கிடத்தினார். மற்றவர்களும் சுட்டு ஓய்ந்து, நடக்கலாம் என்று சைகை கிடைத்ததும் புல்வெளியில் இறங்கி இலக்கு அட்டையை நோக்கிப் போனார். வின்சன்ட் இரண்டடி பின்னால் வந்தான். அட்டையில் ஒரு குண்டு கறுப்பு வட்டத்தின் ஓரத்தை உரசியிருந்தது. மூன்று குண்டுகள் வெள்ளையில் மூன்று திசையில் துளைத்திருந்தன. ஐந்தாவது அட்டையிலேயே இல்லை. அட்டையைத் தாங்கிய மரச்சட்டத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை புதிதாக வெளிறித் தெரிந்தது. நகுலேஸ்வரன் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“ஈயம் சரியில்லை,” என்றார்.

“ஓம் அண்ணை,” என்றான் வின்சன்ட். “கொஞ்சம் இறுகின ஈயம் கலந்திட்டுது போல. அடுத்த முறை நல்ல மெதுவானதாப் பாத்து வார்க்கிறன்.”

நகுலேஸ்வரனுக்கு ஐம்பத்து மூன்று வயது. கியூபெக்கில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் மினிபஸ் ஓட்டுகிறார். வின்சன்ட் ஐந்தாறு வயது இளையவன். செயின்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குளிசை பொதி செய்கிற வேலை, செயின்ட் மிஷேலில் வாடகை வீடு. இருவருக்கும் ஊரும் வேறு, கோயிலும் வேறு. இந்தத் துப்பாக்கிதான் அவர்களைச் சேர்த்து வைத்தது. கொரியாவில் செய்த, வெடிமருந்தே இல்லாத காற்றுத் துப்பாக்கி. சுழியோடிகள் முதுகில் கட்டுகிற சிலிண்டரிலிருந்து காற்றை அடைத்துக்கொண்டு, ஒன்பது மில்லிமீற்றர் ஈயத்தை ஐம்பது மீற்றர் தள்ளும். விளையாட்டுச் சாமான் அல்ல. அனுமதிப் பத்திரம் எடுத்துத்தான் வைத்திருக்கலாம். நகுலேஸ்வரன் சுடுவார். வின்சன்ட் அவருக்குக் குண்டு வார்ப்பான்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்குக் கடையில் போய்ப் பெட்டியோடு வாங்கிவிடலாம். இதற்கு அப்படி இல்லை. காற்று கொடுக்கிற உந்தலுக்கு ஓர் அளவு இருக்கிறது. குண்டு பாரமாக இருந்தால் மெல்லப் போய்த் தாழ்ந்து விழும். இலேசாக இருந்தால் விரைந்து போகும், ஆனால் வழியில் ஒரு சின்னக் காற்று வந்தால் அதன் பின்னால் போய்விடும். உருண்டையாக ஒன்று, இடை சிறுத்த ஒன்று, பின்பக்கம் குழிந்த கூம்பாக ஒன்று என்று வின்சன்ட் விதவிதமாக வார்த்துக் கொண்டு வருவான். ஈயம் மெதுவாக இருந்தால்தான் குழலின் உள்ளே ஓடும் புரியைக் கவ்விப் பிடித்துச் சுழன்று நேரே போகும். இத்தனையும் சரியாக இருந்தாலும் கடைசியில் தீர்மானிப்பது குழல்தான். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு குழல்களுக்கு இரண்டு விதமான ஈயம் பிடிக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. சுட்டுச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு கோடை முழுக்க அவர்கள் அப்படித் தேடினார்கள். பின்பக்கம் குழிந்த கூம்பு ஒன்றில், ஒருநாள் ஐந்து குண்டும் ஒரே கிழிசலுக்குள் போயின. அவர்கள் சுடப் போகும் துப்பாக்கிக் கழகத்திலிருந்த கியூபெக்காரர்கள் அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு அவர் ‘சிரூர்ஜியன்’, அறுவை வைத்தியர்.

அந்தப் பெயர் நகுலேஸ்வரனுக்கு என்னவாக இருந்தது என்பதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடத்தில் அவர் பாத்திரம் கழுவியிருக்கிறார், பண்டகசாலையில் பெட்டி அடுக்கியிருக்கிறார், இப்போது பஸ் ஓட்டுகிறார். எதிலும் யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஊர்ச் சண்டையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடி வந்த ஆள், ஒரு துப்பாக்கிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு மூச்சை அடக்கும்போதுதான் தன் நெஞ்சு ஓய்வதை உணர்ந்தார். அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் விடிய எழும்பிவிடுவார்.

அந்த வருடம், இரண்டாயிரத்து ஏழில், ஆடி மாதமளவில் குண்டுகள் சிதறத் தொடங்கின. முதலில் காற்றைச் சொன்னார். பிறகு சிலிண்டரின் அமுக்கம் இறங்கிவிட்டது என்றார். பிறகு ஸ்கோப்பின் கண்ணாடியில் ஈரம் புகாராகப் படிகிறது என்று சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் ஈயத்தில் வந்து நின்றார். வின்சன்ட் ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லவில்லை. பழைய கூரைத் தகட்டு ஈயம் தேடி வாங்கினான். அமெரிக்காவிலிருந்து புது அச்சு வரவழைத்தான். ஒவ்வொரு குண்டையும் சிறு தராசில் நிறுத்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திரும்ப உருக்கினான். அப்படியும் சிதறியது. புரட்டாதியில் ஒருநாள் எல்லார் முன்னாலும் நகுலேஸ்வரன் குண்டு டப்பாவை மேசையில் எறிந்தார். “உனக்கு வார்க்கத் தெரியேல்லை எண்டால் சொல்லு. நான் வேற ஆளைப் பாக்கிறன்.” தமிழ் விளங்காவிட்டாலும் கழகத்துக்காரர்களுக்கு விடயம் விளங்கியது. வின்சன்ட் சிதறிய குண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டான்.

குளிருக்காகக் கழகம் மூடுகிற கடைசி ஞாயிறன்று சின்னதாக ஒரு போட்டி வைப்பார்கள். போன வருடம் நகுலேஸ்வரன்தான் முதலாவது. இந்த முறை அவர் நிதானமாகப் படுத்து, தோளில் கட்டையைச் சேர்த்து, இடக்கண்ணை மூடி, நெடுநேரம் பார்த்தார். கறுப்பு வட்டம் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்றது. அதன் ஓரம் நெருப்பில் காட்டிய பிளாஸ்ரிக் போல உள்ளே சுருங்கியது. ஊகத்தில் சுட்டார். முதல் இரண்டும் எங்கோ போயின. மூன்றாவது, பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த கிழவரின் அட்டையில் விழுந்தது. கிழவர் தன் ஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நகுலேஸ்வரனுக்குத் தோன்றியது.

“ஈயம்,” என்றபடி எழுந்தார். “சுத்தக் கழிவு.”

வின்சன்ட் துப்பாக்கிக்குக் காற்று ஏற்றினான். நகுலேஸ்வரன் ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்த அதே குண்டுகளை எடுத்தான். அவன் சுடுகிறவன் அல்ல, வார்க்கிறவன். கழகத்தில் அவன் துப்பாக்கி தொட்டதை யாரும் கண்டதில்லை. மணல் பையில் வைத்து, அவசரப்படாமல், ஐந்தையும் சுட்டான். இரண்டு டொலர் நாணயக் குற்றியை வைத்து மூடிவிடக் கூடிய இடத்துக்குள் ஐந்தும் விழுந்திருந்தன.

போய்க் கழற்றி வந்த அட்டையை அவன் நகுலேஸ்வரனிடம் நீட்டவில்லை. மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“அண்ணை, ஒருக்கா இடக்கண்ணால பாருங்கோ.”

வேறு ஒருவன் சொல்லியிருந்தால் அடித்திருப்பார். அவர் ஸ்கோப்புக்குக் குனிந்து பக்கத்து அட்டையைப் பார்த்தார். இடக்கண்ணில் வட்டம் வட்டமாகவே இருந்தது; அதைச் சுற்றிய மெல்லிய கோடுகளையும் எண்ணலாம் போலிருந்தது. கண்ணை மாற்றினார். நடுவில், எதைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும், ஈரக்கையால் தொட்ட மை போல ஒரு கலங்கல். தலையைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது. அது ஸ்கோப்பில் இல்லை. அவர் நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தால் வின்சன்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“நான் காரை ஓடட்டே அண்ணை?” என்று காரடியில் கேட்டான் வின்சன்ட். அவர் திறப்பைக் கொடுக்காமல் தானே வண்டியை முடுக்கினார்.

கார் பெருந்தெருவில் ஏறியது. இலை கொட்டிய மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் விடயம். உலகத்தில் எந்த வேலையையும் மனிதன் ஒற்றைக் கண்ணால் செய்வதில்லை. சுடுவதைத் தவிர.

“உனக்கு எப்ப தெரியும்?”

“ஆவணியில. ஒருநாள் நீங்கள் வெளிய போன நேரம் சும்மா சுட்டுப் பாத்தனான். சரியா விழுந்தது.”

“பிறகேன் சொல்லேல்லை?”

வின்சன்ட் யோசித்தான். “ஈயம் பிழையெண்டு நீங்கள் சொல்லைக்குள்ள எனக்கும் அது லேசாயிருந்தது அண்ணை. ஈயத்தைத் திருப்பி உருக்கலாம்தானே.” பிறகு, “உங்களுக்குச் சீனி வருத்தம் எத்தினை வருசமா?” என்று கேட்டான்.

நகுலேஸ்வரன் தெருவைப் பார்த்தபடி ஓட்டினார். சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம். வருடா வருடம் கண்ணைக் காட்டச் சொல்லி டொக்டர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கண்ணில் ஏதாவது எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் பஸ் போய்விடும் என்று அவர்தான் போகவில்லை.

“நாளைக்குப் பஸ் எடுக்கப் போறீங்களோ?”

“போகாமல்?”

“பிள்ளையள் ஏறுற வண்டி அண்ணை.”

“எனக்குத் தெரியும் என்ன ஏறுதெண்டு!” அவர் குரல் காருக்குள் பெரிதாகக் கேட்டது. “நீ உன்ர வேலையைப் பார். மற்றக் கண் நல்லாயிருக்கு. கண்டாய்தானே, ஓடிக்கொண்டுதானே வாறன்?”

வின்சன்ட் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செயின்ட் மிஷேல் மெட்ரோவடியில் இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றான். “நீங்கள் சொல்லாட்டி நான் ஆரிட்டையும் சொல்ல மாட்டன்,” என்றான். “அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு.” கதவை மெல்லச் சாத்தினான். அதன்பிறகு அவன் தொலைபேசியில் அழைக்கவும் இல்லை, இவர் அழைக்கவும் இல்லை.

வீட்டில் மனைவி இந்திராதேவி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நகுலேஸ்வரன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று, இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். சுவர் தெரிந்தது, கீரைச் சட்டி தெரிந்தது, அவளுடைய சீலைக் கரையும் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. இருபத்தாறு வருடமாகப் பார்த்த முகம்.

“என்னப்பா, கண்ணைப் பொத்திக்கொண்டு?”

அவர் கையை எடுத்தார். முகம் வந்தது. பயந்திருந்தது.

“இந்திரா, இஞ்சை வந்து இரும். ஒரு கதை இருக்கு.”

அவளிடம் சொல்வது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. அவள் அழவில்லை. “இந்த வருசம் தொடங்கினதிலயிருந்தே ஒரு பக்கமாத் தலையைச் சரிச்சுத்தான் ரீவி பாக்கிறியள்,” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் டிப்போவில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. பிரெஞ்சில் ‘கண்’ என்று சொல்லத் தெரியும், ‘பார்வை’ என்று சொல்லத் தெரியும். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பொறுப்பாளர் பஸ் திறப்பை வாங்கிக்கொண்டு, நல்ல மனிதர், அவருடைய தோளைத் தட்டினார். அவருடைய மினிபஸ் வேறொருவருடன் வாசலைத் தாண்டிப் போகும்போது, கண்ணாடிகளைச் சரி செய்யாமலே எடுக்கிறானே என்றுதான் நகுலேஸ்வரன் நினைத்தார்.

கண் டொக்டர் இளம் பெண். வலக்கண்ணில் போனது போனதுதான், திரும்பி வராது என்றாள். இடக்கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, லேசர் அடித்தால் இருப்பதைக் கொஞ்சக் காலம் பிடித்து வைக்கலாம் என்றாள். எவ்வளவு காலம் என்று இந்திராதேவி கேட்டாள். டொக்டர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, அடுத்த முறை வர வேண்டிய திகதியை எழுதினாள். அதற்கு முந்தின கிழமைதான் துப்பாக்கி போயிருந்தது. கழகத்து ஆள் ஒருவர் வந்து, பத்திரமாகச் சுற்றி, வாங்கிக்கொண்டு போனார். எந்த ஈயம் போடுகிறது என்று அவர் கேட்டபோது, வார்க்கிற ஆளின் பெயரைச் சொல்ல வந்த நகுலேஸ்வரன், அதை விட்டு, மிச்சமிருந்த குண்டு டப்பாவை எடுத்து நீட்டினார்.

முதல் லேசர் முடிந்து அவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தபோது வருடத்தின் முதற்பனி கொட்டிக்கொண்டிருந்தது. மருந்து விட்டு விரித்த கண்மணிகளுக்குள் வெள்ளை வெளிச்சம் தடையில்லாமல் புகுந்தது. தெரு இல்லை, கட்டிடங்கள் இல்லை. வெள்ளைக்குள் கறுப்பாய் நீள நீளமாய் ஆட்கள் மட்டும் அசைந்தார்கள். நகுலேஸ்வரன் மனைவியின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். தெருவின் மறுகரையில் வின்சன்ட்டின் உயரத்தில் ஒரு கறுப்பு உருவம் நின்று, கையை உயர்த்தியது போலிருந்தது. அவரும் கையை உயர்த்தினார்.

“ஆருக்கப்பா கை காட்டுறியள்?” என்றாள் இந்திராதேவி.

அவர் கையை இறக்கவில்லை. பனி அவருடைய விரல்களுக்கிடையே விழுந்து உருகிக்கொண்டிருந்தது.