ஊது மாமா

என் வீட்டுக்காரர் தங்கபாண்டி குடியை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரே நம்பியது, நான் நம்பவில்லை. இருபது வருடம் பொய்யைக் கேட்டே குடித்தனம் பண்ணியவளுக்கு ஏழு மாதம் எந்த மூலைக்கு?

போடியிலிருந்து ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை ஜீப்பில் மலைக்குக் கொண்டுபோய் விடுவது அவர் சோலி. கல்லீரல் சுருங்கிவிட்டது, இனி ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, மகள் வித்யா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ண வாயா வலிக்கிறது? தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி, "ஊது மாமா, பாப்போம்" என்பேன். ஊதுவார். ஏலக்காய் மணக்கும். அதுதான் எனக்கு இடித்தது. குடிவாடையை மறைக்க ஏலக்காயை மெல்லுவது எங்கள் ஊர் ஆம்பளைகளுக்குத் தெரியாத வித்தையா?

போன மாதம் சந்தேகம் முற்றிப்போனது. பகலெல்லாம் தூங்கி வழிந்தார். பேச்சு குழறியது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். ஏலக்காயையும் மீறி வாயில் ஒரு வாடை, இனிப்பும் ஊளை நாற்றமும் கலந்த மாதிரி. ஏதோ புதுச் சரக்கு என்று முடிவு கட்டினேன். ஜீப் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். கோழிக்கூண்டுக்குள் கையை விட்டேன். அரிசிப் பானையைக் கிளறினேன். ஒரு பாட்டிலும் அகப்படவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளித்து வைத்திருக்கிறான் பாவி என்று கோபம் இன்னும் ஏறியது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் ஜீப்பில் வேலைக்குப் போகும் கருத்தம்மாள் அக்கா மூச்சிரைக்க வந்தாள்.

"ஏ செல்லத்தாயி, தங்கபாண்டி அண்ணே மலைக்குப் போற முந்தல் ரோட்டுல போகாம ராசிங்காபுரம் பக்கம் வண்டிய விட்டுட்டாரு. கேட்டா, நாம எங்க போறோம்னு எங்ககிட்டயே கேக்குறாரு. பதினாலு பொம்பளைக இருக்கோம். மலையில ஏறினப்பறம் இப்பிடி ஆகியிருந்தா?"

பின்னாலேயே இன்னொரு ஜீப் டிரைவர் யோகராஜ் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"பெத்த புள்ள தலையில அடிச்ச சத்தியமாய்யா இது?"

"நான்... குடிக்கல... தாயி." நாக்கு புரளவில்லை.

"இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"மதினி, சாராய வாடையே இல்லையே" என்றான் யோகராஜ்.

"நீயும் கூட்டாளியா? போடா அங்கிட்டு!"

அவரை அறைக்குள் தள்ளி வெளியே கொண்டி போட்டேன். கிடந்து தெளியட்டும் என்றுதான். மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சோறு போடவில்லை.

மூன்று மணிக்கு மனசு கேட்காமல் யோகராஜ் திரும்பி வந்தான். கதவைத் திறந்து உலுக்கினோம். எழவில்லை. கிள்ளினேன், கண் திறக்கவில்லை. "வெரசா வண்டிய எடுடா!" என்று அலறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப வெளிக்குப் போனாரு?"

"குடிச்சிருக்காரும்மா, அதப் பாருங்க."

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "இவரு குடிக்கலம்மா. ஈரல் கெட்டவங்களுக்கு வயிறு கட்டிக்கிட்டா, ஒடம்புல சேர்ற நஞ்சு மூளைக்கு ஏறிரும். பாக்குறவங்களுக்குக் குடிச்ச மாதிரியேதான் இருக்கும். வாய் வாடையும் அதனாலதான். தினம் ரெண்டு மூணு தடவ போகணும்னுதான் சிரப்பு குடுத்திருக்கோம். குடிக்கிறாரா?"

எனக்குத் தெரியவில்லை. அரிசிப் பானையைக் கிளறிய நான், சிரப்பு பாட்டில் குறைகிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனிமா கொடுத்து, மூக்குக் குழாய் வழியாகச் சிரப்பை ஊற்றினார்கள். மறுநாள் மத்தியானம் தெளிவாகக் கண் திறந்தார். சிரப்பை ஏன் குடிக்காமல் விட்டாய் என்று கேட்டேன்.

"அதக் குடிச்சா மூணு தடவ போகணும் புள்ள. கொண்டை ஊசி வளைவுல, பதினாலு பொம்பளைகள வச்சுக்கிட்டு, வண்டிய நிறுத்திட்டு எங்க போயி ஒக்காருவேன்? மானம் போயிராதா?"

"அட கூறுகெட்ட மனுசா, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னத்தச் சொன்னாலும் ஊதுன்னுதான சொல்லுவ."

முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவரே என் கையைப் பிடித்தார். "நீ வெரசா கொண்டாந்ததாலதான் பொழச்சேன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வெரசா இல்ல மாமா. காலையில இருந்து உன்னைய உள்ள வச்சுக் கொண்டி போட்டிருந்தேன். குடிச்சிருக்கன்னு நெனச்சேன். யோகராஜ் வராட்டி தொறந்திருக்கவே மாட்டேன்."

என் கையை விடாமல் கேட்டார்.

"மறுபடி இப்பிடி ஆனா என்ன செய்வ?"

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவேன்."

"அப்பறம்?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"அப்பறம் வீட்டுக்குப் போயி பாட்டில் தேடுவேன்" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.