இடையில் ஒரு ஓம்

சோனகத் தெரு சுஹறாவுக்கு நாற்பத்துமூன்று வயது. ஆங்கில வகுப்பில் அவள்தான் மூத்த மாணவி. படிப்பிக்கிற மதுஷாவுக்கு இருபத்தாறுகூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்த ஒரு கொம்பனி, வெளிநாட்டுக்காரரோடு தொலைபேசியில் கதைக்க ஆள் எடுக்கிறது. வயது பார்க்கமாட்டார்களாம், ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதுமாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சுஹறாவுக்கு வேறு நினைப்பில்லை. கல்யாணமான நாள் முதல் தனக்கு வரும் கேள்விக்கெல்லாம் புருஷன் பதில் சொல்லக் கேட்டிருந்தவள், இனியாவது தன் வாயால் கதைத்துச் சம்பளம் வாங்க ஆசைப்பட்டாள். இதில் என்ன பிழை?

புருஷன் இரும்புக்கடை ஸலாஹுதீன் நல்ல மனுசன்தான். பீடி, சிகரெட் கிடையாது, கைநீட்டமாட்டார். வாய்தான் சும்மா இருக்காது. "எங்கே நோகுது?" என்று டொக்டர் சுஹறாவைக் கேட்டால், "முழங்காலிலை டொக்டர்" என்பார் இவர். நோவோ அவளுக்கு இடுப்பில்.

அந்தக் கிழமை வகுப்பில் 'இன்டரப்ட்' என்ற சொல் வந்தது.

"ஒராள் கதைக்கேக்கை இடையிலை புகுந்தால் இன்டரப்ட். ஒரு வேலையைப் பாதியிலை குழப்பினாலும் அதுதான். ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கோ," என்றாள் மதுஷா.

கரண்ட் போய்க் கிரிக்கெட் மேட்சைக் குழப்பியது என்று ஒருவன் சொன்னான். "என்ரை அம்மா என்ரை கோல் எல்லாத்தையும் இன்டரப்ட் பண்ணுறா" என்று றொசாந்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. சுஹறாவின் முறை வந்தது. ஒரு வசனம் தொண்டைவரை வந்தும் விட்டது. ஆனால் அது தொண்ணூறாம் ஆண்டு வசனம். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். "பிறகு சொல்லுறன் ரீச்சர்," என்று இருந்துவிட்டாள்.

அன்றைக்கே நேர்முகப் பரீட்சைக்கும் பழக்கினாள் மதுஷா. அவள் கேள்வியைத் தொடங்கியதுதான் தாமதம், சுஹறா "யெஸ்... யெஸ்..." என்று தலையாட்டத் தொடங்கினாள்.

"அன்ரி, என்னைக் கேட்டு முடிக்கவே விடுறியள் இல்லை. நீங்களும் இன்டரப்ட் பண்ணுறியள்."

"அல்லாஹ்வே! நான் எங்கை இடையிலை புகுந்தனான்? ஓம் எண்டுதானே சொன்னனான்!"

அவள் கேட்டதும் ஞாயம்தான். இந்த ஊரில் ஒருவர் கதைக்கும்போது ஓம் சொல்லாமல் இருந்து பாருங்கள்! காது கேட்காதோ, கோபமோ, தலைக்கனமோ என்று அடுத்த வீடுவரை கதை போகும். ஆனால் கொம்பனிக்காரருக்கு அது ஆகாது. போன தரம் வகுப்பின் கெட்டிக்காரி ஒருத்தியை அதற்காகவே கழித்துவிட்டார்களாம்.

சுஹறா வீட்டில் ஓம் சொல்லாமல் வாயைக் கட்டிப் பழகினாள். புத்தளத்திலிருந்து தங்கச்சி எடுத்த கோலில் இவள் சத்தமே காட்டவில்லை. லைன் அறுந்துவிட்டதென்று தங்கச்சி வைத்துவைத்துத் திரும்ப எடுத்தாள். ஸலாஹுதீன் கடைக்கதையை அரைவாசியில் நிறுத்தி முகத்தைப் பார்த்தார்.

"என்ன, கோவமோ?"

இவள் இல்லையென்று தலையாட்டினாள். மனுசன் நம்பவில்லை. அடுத்த நாள் கேளாமலே இனிப்புத் தொதல் வாங்கிவந்தார்.

வியாழக்கிழமை காலை கொம்பனியிலிருந்து நேர்முகப் பரீட்சைக் கோல் வரவேண்டும். "அறைக்குள்ளை வரக்கூடாது. வாய் திறக்கவே கூடாது. என்ரை தலைவிதி உங்கடை வாயிலைதான் இருக்கு," என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவர் கடையைத் திறக்காமல் கதவுச் சீலைக்கு வெளியே கதிரை போட்டு இருந்தார்.

கோலில் ஒரு வெளிநாட்டுப் பெண். சுஹறா முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகக் கேட்டாள், பிறகே பதில் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "பள்ளிக்கூடத்துச் சாதாரணதரப் பரீட்சையை இவ்வளவு பிந்தி எழுதியிருக்கிறீர்களே, ஏன்?"

"என் படிப்பு இடையில் குழப்பப்பட்டது," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள் சுஹறா. "ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறில். அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுந்து நின்று பாடம் வாசித்துக்கொண்டிருந்தேன். வாப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார்."

மறுமுனையில் ஒரு சத்தமுமில்லை. சுஹறா நிறுத்தினாள். "ஹலோ?"

"கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லுங்கள்."

மீண்டும் அதே அமைதி. சுவருக்குக் கதை சொல்வது போலிருந்தது. அவளால் முடியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"ஓம்," என்று சீலைக்கு வெளியே மெல்லிய குரல் கேட்டது.

பாவி மனுசன்! கோபம் உச்சியில் ஏறியது. ஆனால் நாக்கு அசைந்துவிட்டது.

"ஆயுதத்தோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நடந்தோம்."

"ஓம்."

"வழியில் மறித்தார்கள். என் தோட்டைக் கேட்டார்கள். கழற்ற வரவில்லை. இழுத்தார்கள். காது கிழிந்தது."

இந்தமுறை ஓம் வரக் கொஞ்சம் நேரமெடுத்தது. ஆனால் வந்தது.

"புத்தளத்தில் முகாமில் இருந்தோம். தம்பி, தங்கச்சியை நான் பார்த்தேன், பள்ளிக்கூடம் போகவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் புத்தகம் எடுத்தேன். முப்பத்தேழு வயதில் எழுதினேன். பாஸ்."

"உங்களுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா?" என்றாள் அந்தப் பெண்.

சுஹறா பொய் சொல்லவில்லை. "என் கணவர். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. பதில் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்."

பிறகு அந்தப் பெண், திங்கட்கிழமை பயிற்சிக்கு வரமுடியுமா என்று கேட்டாள்.

சுஹறா சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஸலாஹுதீன் கதிரை நுனியில் இருந்தார். கண் சிவந்திருந்தது.

"கெடுத்துப்போட்டனோ?"

"இல்லை. வரச் சொல்லிட்டினம்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவர் அவளுடைய இடது காதைப் பார்த்தார். "உந்தத் தழும்பு சின்னனிலை விழுந்து வந்தது எண்டெல்லோ நினைச்சிருந்தன். இவ்வளவு காலமும் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எத்தினை தரம் தொடங்கினனான்! அண்டைக்கு எண்டு நான் வாயெடுத்தால், உங்கடை வீட்டாக்கள் நடந்த கதையை நீங்கள் தொடங்கிவிடுவியள். எப்ப என்னைச் சொல்ல விட்டனீங்கள்?"

ஸலாஹுதீன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பக்கத்துக் கதிரையை அவளுக்கு இழுத்துப்போட்டார்.

"ஓம்," என்றார். "சொல்லு."