வேண்டா வந்தாள்

ஐம்பத்து நாலில் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு சரித்திரப் படம் எடுத்தார்கள். கும்பலில் நிற்கக் கருங்குழியிலிருந்து வந்தவளுக்கு, ஒரு வரியாவது பேசி நடிகையாகிவிட வேண்டும் என்று ஆசை. நாலாவதும் பெண்ணாகப் போனதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேண்டா.

டைரக்டர் காபியைக்கூடச் செந்தமிழில்தான் கேட்பார். 'வேணாம்' என்பதெல்லாம் அவர் வாயில் வராது. தோழி வேடத்துக்கு வரிசையில் நின்ற பட்டணத்துப் பெண்களைப் பார்த்து, "வேண்டா! வேண்டா!" என்று கையை வீசினார்.

இவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"யாரம்மா உன்னை அழைத்தது?"

"நீங்கதான் நைனா, கூப்டுகினே கீறீங்க. என் பேருதான வேண்டா!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பைத் தாங்குவதைவிட வேடத்தைக் கொடுப்பது டைரக்டருக்குச் சுலபமாக இருந்தது.

"ஆம், உன்னைத்தான் அழைத்தோம். பெயரை மட்டும் மாற்றிவிடுவோமா?"

"அதெல்லாம் வேணாம் நைனா."