எழுந்து சிரிக்கிற ஷாட்

அன்னவாசல் கல்யாண மண்டபத்தின் ஜன்னல்களை ஜமுக்காளத்தால் அடைத்து, பட்டப்பகலில் ஆத்மநாதன் தன் ஐந்தாவது பேய்ப்படத்தைப் போட்டுக் காட்டினான். கொலை விழுகிற இடத்திலெல்லாம் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் கடைசி வரிசையில், இருட்டில் முகம் தெரியாது என்கிற ஒரே ஆறுதலோடு உட்கார்ந்திருந்தான். சிரிப்பு அவனுக்குப் புதிதல்ல. முதல் படத்தில் பேய் கைக்கடிகாரம் கட்டியிருந்தது. இரண்டாவதில் பேய்க்குத் தும்மல் வந்தது. மூன்றாவதில் பேய் நடக்க நடக்க ஓர் ஆடு பின்னாலேயே வந்து வெள்ளைப் புடவையின் முந்தானையை மென்றது; படம் வெளியான பிறகுதான் அந்த ஆட்டை அவன் பார்த்தான். நான்காவது படத்தை யாரோ துண்டு துண்டாக வெட்டி, ‘மனசு சரியில்லையா, இதைப் பாருங்க’ என்று யூடியூபில் போட்டிருந்தார்கள். முழுப்படத்தைவிட அதற்கு நூறு மடங்கு கூட்டம். அவனும் ஒரு நாள் ரகசியமாகப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“இதுக்கும் சிரிச்சாங்கன்னா, எங்க அண்ணன் ஹார்டுவேர் கடையில பெயிண்ட் கலக்கப் போயிரணும். சரியா?” என்று மனைவி ராஜலட்சுமி கேட்டிருந்தாள். சரி என்று தலையில் அடித்துச் சத்தியமும் செய்திருந்தான். தன் தலையில்தான். அவள் தலையைக் கொடுக்கவில்லை.

முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த அறிவுச்செல்வன் இருந்தார். போனில் படம் காட்டும் கம்பெனி ஒன்றுக்குப் படம் வாங்குபவர். இவர் வாங்கினால் ஆத்மநாதன் டைரக்டர். வாங்காவிட்டால் பெயிண்ட். அவரோ ஊர்க்காரர்கள் அளவுக்குக்கூடப் படத்தை மதிக்கவில்லை. சிரிக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

படம் முழுக்க வெயில். விளக்குகளுக்கு வாடகை கொடுக்க வழியில்லாததால் ஆத்மநாதனின் பேய்கள் எப்போதும் பகலில்தான் வரும். ‘உச்சி வெயில் பேய்’ என்று அதற்கொரு தத்துவமும் பேசி வைத்திருந்தான். கடைசிக் காட்சியில் தைலமரக்காட்டுக்குள் சருகின்மேல், பிணமாக நடித்த பொற்கொடி கிடந்தாள். கீபோர்டு இசை காதைக் கிழித்தது.

“ஏய், பொணத்துக்குக் கொலுசு புதுசுடா!” என்று ஒரு குரல் வந்தது. மண்டபம் குலுங்கியது.

இதோடு படம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

சட்டென்று இசை நின்றது. சத்தமே இல்லை. பொற்கொடி கண்ணைத் திறந்தாள். அவசரமில்லாமல் ஒரு கையை ஊன்றி, உடம்பைப் பிரித்துப் பிரித்து எடுப்பவள்போல எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் அரிதாரம் வெடித்திருந்தது. நிழலெல்லாம் மரத்தின் காலடிக்குள் ஒடுங்கிப் போன அந்த வெளிச்சத்தில், வெளிச்சம் என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் கண்டவள்போலக் கண்ணைச் சுருக்கினாள். பிறகு நேராகத் திரைக்கு வெளியே பார்த்தாள். உதட்டின் ஒரு மூலையில் ஆரம்பித்த சிரிப்பு, போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்ததுபோல, மெல்ல முகம் முழுவதும் பரவியது.

முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. ஓர் அம்மா கையை நீட்டிப் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். தன் கண்ணைப் பொத்த மறந்துவிட்டாள். அறிவுச்செல்வனின் போன் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை.

ஆத்மநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அவன் படத்தில் இல்லாத ஷாட்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்ததாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும். சாமி, பூதம் எதையும் நம்பாத டைரக்டர்கூட இதை விடமாட்டார். ஆத்மநாதனும் விட்டதில்லை. அந்தச் சிரிப்பைப் படத்தில் சேர்ப்பதில்லை என்பதால் அதற்குச் சத்தம் பதிவு செய்வதுமில்லை. படத்தொகுப்பு செய்தபோது அந்தத் துண்டை வெட்ட ஒருவன் மறந்திருக்கிறான். தொகுப்பாளர் பெயரும் ஆத்மநாதன் என்பதால் யாரையும் பிடித்துத் திட்ட முடியவில்லை.

விளக்கைப் போட்டார்கள். யாரும் உடனே எழவில்லை. கொலுசைக் கேலி செய்தவன், பக்கத்திலிருந்தவன் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்து அவசரமாக விட்டான்.

அறிவுச்செல்வன் கடைசி வரிசைவரை நடந்து வந்து முழங்கையைக் காட்டினார். “பாருங்க சார், புல்லரிப்பு இன்னும் அடங்கல. அந்த லாஸ்ட் ஷாட்டை எப்படி எடுத்தீங்க?”

“அது... வெயில்ல எடுத்தது சார்” என்றான் ஆத்மநாதன்.

“நாங்க வாங்கிக்கிறோம். ஆனா அந்த ஷாட் அப்படியே இருக்கணும். அது இல்லேன்னா, மன்னிச்சுக்குங்க, மத்ததெல்லாம் எங்ககிட்டயே நிறைய கிடக்கு.”

இருபது வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆத்மநாதன் அதை வாயில் போட்டுச் சுவைப்பதற்குள் வைஷ்ணவி வந்து நின்றாள். பொற்கொடியின் மகள். புதுக்கோட்டையில் லேப் டெக்னீஷியன். மலேரியாக் கிருமியை முகத்துக்கு நேராகப் பார்த்துப் பயப்படாதவள். இப்போது அவள் கண் கலங்கியிருந்தது.

“மாமா, அந்தச் சிரிப்பைப் படத்துக்குன்னா எடுத்தீங்க?”

“இல்லம்மா, தவறிப்போய்...”

“எந்திரிச்சுச் சிரிச்சாத்தான் தோஷம் கழியும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப அதுவும் பேய் சிரிச்சதா ஆயிருச்சு. அப்ப எங்கம்மா இன்னும் எந்திரிக்கவே இல்ல மாமா.” சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டாள். “நான் படிச்சவதான். எனக்கே தெரியுது. ஆனா வயிறு கேக்க மாட்டேங்குது.”

ஆத்மநாதனுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. ஒரு பக்கம் அறிவுச்செல்வனின் முழங்கை. இன்னொரு பக்கம் இந்தப் பிள்ளையின் கண். இது மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தான். அதை நம்பித்தான் ஐந்து படங்களிலும் தவறாமல் சிரிக்க வைத்தோம் என்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டான்.

“வெட்டிருறேன்” என்றான். சொன்ன குரல் யாருடையது என்று அவனே ஒரு கணம் தேடினான். பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது.

“என்னத்தை வெட்டப்போற தம்பி?” என்று கேட்டபடி பொற்கொடி வந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைப்பவள். ஐந்து படங்களிலும் பிணம் அவள்தான். அவளைப்போல அசையாமல் கிடக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ரகசியம் கேட்டபோது, “விடியக்காலமிருந்து அடுப்புல நிக்கிறவளைப் படுன்னு சொன்னா யாருக்குக் கசக்கும்?” என்றிருக்கிறாள்.

விஷயத்தைச் சொன்னார்கள். பொற்கொடி மகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“அம்புட்டுப் பேரும் வாயடைச்சுப் போனாங்கள்ல? நானே பயந்துட்டேன் தம்பி, என் மூஞ்சியப் பாத்து. அதைப் போயி வெட்டுவியா? கூறு கெட்டவனே. அது ஒனக்கு. வச்சுக்க.” பிறகு மகளின் கையைப் பிடித்தாள். “இவளுக்காக இன்னொரு தடவை படுக்குறேன். எந்திரிச்சுச் சிரிக்கிறேன். ஆனா அது எனக்கு. எவன் கண்ணுலயும் படக்கூடாது. அதைத் தூக்கிக்கிட்டு மெட்ராஸ் பக்கம் போன, நெசமாவே வந்து ஒங் கழுத்தைப் பிடிப்பேன்.”

மண்டபத்துக்குப் பின்னால் வறண்ட கண்மாய். சரியான உச்சிப் பொழுது. குருவிச் சத்தம்கூட இல்லை. பொற்கொடி நல்ல புடவையோடு மண்ணில் படுத்துக் கண்ணை மூடினாள். ஆத்மநாதன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டான். வைஷ்ணவி அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“எந்திரிங்கக்கா” என்றான்.

அவள் எழுந்தாள். முழங்கால்வலியோடு, அதே மெதுவில். கேமராவைப் பார்த்தாள். பிறகு கண் கொஞ்சம் தள்ளி, அதற்குப் பின்னால் நின்ற மகளிடம் போய் நின்றது. அப்போது சிரித்தாள்.

ஆத்மநாதன் கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தான். மண்டபத்தில் பார்த்த சிரிப்பு போனவள் திரும்பி வந்த சிரிப்பு. இது, எதற்காகத் திரும்பி வந்தாள் என்பதைச் சொன்ன சிரிப்பு. போகவே மாட்டேன் என்பதும், ஒரு நாள் போவேன் என்பதும் ஒரே முகத்தில் எப்படி இருக்க முடியும்? சாவைப் பற்றி அவன் எடுத்த ஐந்து படங்களிலும் இதில் ஒரு நொடி இல்லை. அந்தக் கொதிக்கும் வெயிலில் அவன் கையில் ரோமம் எழுந்து நின்றது. பயமா, கும்பிடத் தோன்றியதா என்று பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை. பின்னால் வைஷ்ணவி அழுதுகொண்டே சிரித்தாள்.

“போதுமா?” என்றாள் பொற்கொடி, மண்ணைத் தட்டியபடி.

“போதும்மா” என்றாள் மகள்.

பொற்கொடி அவனிடம் கையை நீட்டினாள். அவன் கேமராவைத் திறந்து நகத்தளவு கார்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த கேமராவில் இரண்டு கார்டுகள் உண்டு. ஒன்று கெட்டுப்போனாலும் மற்றதில் இருக்கட்டும் என்று எதையும் இரண்டிலும் பதிந்து வைக்கும். இது பொற்கொடிக்குத் தெரியாது. வைஷ்ணவிக்கும் தெரியாது. கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம், ஒப்பந்தம் பேசத் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்த அறிவுச்செல்வனுக்குக் கண்டிப்பாகத் தெரியும். ஆத்மநாதன் கேமரா மூடியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். தன் ஆயுளில் இதைவிடப் பெரிய ஷாட்டை எடுக்கப்போவதில்லை என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இரண்டு கார்டிலும் முந்தாநாள் கூலிக்கு எடுத்த குளத்தூர்க் காதுகுத்து வீடியோ முழுசாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை காது குத்தவா முடியும்?

“அக்கா, நில்லுங்க” என்று கூப்பிட்டு, இரண்டாவது கார்டையும் எடுத்துக் கொடுத்தான்.

“இது என்ன தம்பி, ரெண்டு?”

“ரெண்டுலயும் நீங்கதான்க்கா இருக்கீங்க.”